இடக்கைக்கு ஒரு ரீல்

இவ்வூர்க் கடற்கரையில் மனிதர்கள் மீனைப் பிடித்து, அளந்து, படம் எடுத்து, மீண்டும் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தின் கிழக்கோரத்தில் மகள் வீட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் இக்காட்சி எனக்குப் பழகவில்லை. காலையில் திருமண் இட்டுக்கொண்டு, பாசுரத்தை வாய்க்குள் சொல்லியபடி கூழாங்கற்களின்மேல் நடப்பேன். நாற்காலி போட்டு மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் ஒருவர் சட்டென்று எழுவார். நுரையிலிருந்து ஒரு மீன் துடித்துக்கொண்டு வரும். முள்ளைப் பிடுங்கி, அளவுகோலில் கிடத்தி, கைப்பேசியில் படம் எடுத்து, நீரில் விடுவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "உண்ண மாட்டீர்களா?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்து, "உங்களுக்கு வேண்டுமா? அடுத்ததைத் தருகிறேன்" என்றார். பிறந்ததிலிருந்து மீன் தொடாதவன் நான். என் பெருமான் முதன்முதலாக எடுத்த திருமேனி மீன். பசித்தவன் அதைக் கொல்வதை அவன் பொறுப்பான் என்று நம்புகிறேன். பொழுது போவதற்காக அதன் வாயைக் கிழிப்பதை அவன் பொறுத்தாலும் நான் பொறுப்பதாக இல்லை.

இக்கோபத்துக்குப் பின்னால் கன்னியப்பன் இருக்கிறார். உத்திரமேரூருக்குத் தெற்கே எங்கள் சிற்றூரில் எங்கள் குடும்பத்து நிலத்தில் உழைத்தவர், என் வயதினர். நான் அவரைப் பெயர் சொல்லி அழைத்தேன்; அவர் என்னைச் சாமி என்றார். இங்கே 'அவர்' என்று எழுதும் மரியாதையை நேரில் ஒருநாளும் நான் தந்ததில்லை. வேலை முடிந்த அந்திகளில் ஏரிக்கரையில் நின்று, முள் கட்டிய வெறும் நூலைச் சுழற்றி எறிந்து, இரு கைகளாலும் மாற்றி மாற்றி இழுப்பார். அன்றைய குழம்பு அந்நூலில் வரும். சென்ற ஆண்டு பக்கவாதம் வந்தது. கால் தப்பியது, வலக்கை விழுந்துவிட்டது. ஒற்றைக் கையால் நூலை இழுக்க முடியாது. மருமகளின் கைப்பேசியில் என்னிடம் பேசினார்.

"சோறு போடறாங்க சாமி, இல்லன்னு சொல்லல. ஆனா தட்டுல இன்னா வுழுதுன்னு பாத்துக்கினு குந்திக்கினு கீறேன். நானா புடிச்ச மீனு ஒண்ணு துன்னணும். நீ கடலாண்ட கீறியாமே, சுத்துற மிசினு ஒண்ணு எட்தாருவியா?"

இதை வீட்டில் சொன்னபோது மாப்பிள்ளை மடிக்கணினியிலிருந்து தலை நிமிர்த்தாமலே, "எதுக்கு மாமா? காசு அனுப்பிடுங்க, மீன் வாங்கிச் சாப்பிட்டுக்கட்டும்" என்றார். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. சோறு கிடைத்தால் மனிதனுக்குப் போதும் என்பவர்கள் கோயிலுக்கு எதற்காகப் போகிறார்கள்? மடைப்பள்ளிக்குப் போய்த் திரும்பிவிடலாமே! மாப்பிள்ளையிடம் ஒரு காசும் கேட்பதில்லை, என் சிறு கையிருப்புக்குள் முடிப்பது என்று அப்போதே உறுதி செய்துகொண்டேன்.

துறைமுகத் தெருவில் தூண்டில் கடை ஒன்று உண்டு. மூன்று நாள் போய் நின்று கற்றேன். கரையிலிருந்து மீன் பிடிக்க ஏற்றது ஃபிக்ஸட் ஸ்பூல் ரீல் என்றார் கடைக்காரர், கை முழுதும் பச்சை குத்திய நடுவயதினர். நூல் சுற்றிய ஸ்பூல் அசையாமல் நிற்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் ஒரு வளைகம்பி அதை வலம் வந்து நூலைச் சுற்றுகிறது. மூலவர் இருந்த இடத்தில் இருக்க, உற்சவர் வீதியைச் சுற்றி வருவது போல என்று நினைத்ததும் கருவி எனக்குப் பிடிபட்டுவிட்டது. பெட்டிகளின்மேல் 'பத்து பேரிங்', 'பன்னிரண்டு பேரிங்' என்று பெருமை அடித்திருந்தார்கள். அந்த எண்ணிக்கையை நம்ப வேண்டாம் என்று அவரே சொன்னார். கைப்பிடி ஆட்டம் கொடுக்கக் கூடாது. நூல் ஸ்பூலில் மேடுபள்ளமின்றிப் படிய வேண்டும். பெரிய மீன் இழுக்கையில் நூலை விட்டுக்கொடுக்கும் டிராக் வெட்டி வெட்டி நிற்காமல் வழுக்கிப் போக வேண்டும். உப்புநீர் தாங்கும் வகைக்கு விலை அதிகம். எங்கள் ஏரியில் உப்பு ஏது? அதை விலக்கினேன். அளவில் நடுத்தரமாக, கைப்பிடியைக் கழற்றி இடப்பக்கம் மாட்டக்கூடியதாக ஒன்றைத் தேர்ந்தேன். அதற்கு ஒரு மடக்குக் கோலும் எடுத்தேன்.

"என் நண்பருக்கு ஒரு கைதான் இயங்கும்" என்று அப்போது சொன்னேன். உடனே அவர் உள்ளே போய் உலோக முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து, "அப்படியானால் இது கட்டாயம் தேவை" என்றார். வந்ததே கோபம்! என் முதுமையையும், நெற்றியில் இருந்த திருமண்ணையும், தடுமாறும் ஆங்கிலத்தையும் பார்த்து, இன்னும் ஒன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று முடிவு செய்தேன். "ஊனத்தைக் காட்டி வியாபாரம் செய்யாதீர்கள்" என்றேன். அவர் ஏதோ விளக்க வாயெடுத்தார். கேளாமல், ரீலுக்கும் கோலுக்கும் மட்டும் காசை வைத்துவிட்டு வெளியேறினேன். தெருவெல்லாம் என் நியாயத்தை நானே மெச்சிக்கொண்டு நடந்தேன்.

மாசியில் ஊருக்குப் போனேன். ஏரி மீனைக் குத்தகை எடுத்தவர் வலை இழுத்து முடித்துவிட்டபடியால் ஏரியில் தூண்டில் போடுவோரை யாரும் தடுக்கவில்லை. இடக்கையாலேயே வளைகம்பியை நிமிர்த்தி, அதே கையால் கோலை வீசி, தக்கையை நடுநீரில் விழச் செய்தார் கன்னியப்பன். எனக்குக் கண் நிறைந்தது. தக்கை அமிழ்ந்தது. அவர் கோலைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோலைப் பிடித்திருந்த கையை எடுத்தால்தான் கைப்பிடியைச் சுற்ற முடியும்.

"இன்னா சாமி, இம்மாந்தூரம் ஏரோப்ளேன்ல எட்தாந்தியே, கோலை எந்தக் கையால புடிக்கறதுன்னு அந்த ஊர்க்காரன் சொல்லலியா?"

சொன்னார். கோலைத் தாங்கி நிறுத்தும் அந்த முக்காலியோடு வந்து சொன்னார். நான்தான் கேட்கவில்லை. ஏரிக்கரையில் நின்று என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"பாத்துக்கினு நிக்கிறியே, புடி சாமி! கெட்டியா. பாட்டு பாடறாப்பல கண்ண மூடிக்காத!"

பிடித்தேன். அவர் இடக்கையால் சுற்ற, நீருக்கடியில் ஓர் உயிரின் துடிப்பு நூல் வழியாகவும் கோல் வழியாகவும் என் வலக்கைக்கு ஏறியது. உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டை. அதை மடியில் கட்டிக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பை விவரிக்க என்னிடம் சொல் இல்லை. வீட்டுக்கு வந்து நான் இருமுறை குளித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். மறுநாள் என் ஈரக் குடுமியைப் பார்த்து, "மீனும் அந்தத் தண்ணிலதான் குளிச்சிக்கினு கீது சாமி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று அந்தியில் கரையிலிருந்து திரும்பியபின் குளிக்கவில்லை. புறப்படும்வரை பன்னிரண்டு அந்திகள் கோலைப் பிடித்தேன்.

திரும்பியதும் முதல் வேலையாகத் தூண்டில் கடைக்குப் போனேன். திட்டத்தான் வந்திருக்கிறேன் என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது, "உங்கள் நண்பருக்கு மீன் கிடைத்ததா?" மன்னிப்புக் கேட்டேன். சரியான ஆங்கிலச் சொல் வரவில்லை, கை கூப்பினேன். அவரும் பதிலுக்குக் கை கூப்பினார். முக்காலியை வாங்கி வந்து, அனுப்பி வைக்கிறேன் என்று சொல்ல ஊருக்கு அழைத்தேன்.

"எதுக்கு சாமி? நீ போன மறுநாளே வேலிகாத்தான் மரத்துல கவை ஒண்ணு வெட்டி கரையில நட்டுக்கினேன். கோலு அதும்மேல ஜம்முனு குந்திக்கினு கீது. நேத்து ரெண்டு கெண்டை. நீ பேஜார் படாம உன் ஒடம்பப் பாத்துக்க."

பெருமகிழ்ச்சி கொள்ள வேண்டிய செய்தி. நான் கோபம் கொண்டேன். யார்மேல் என்று மூன்று வாரமாகத் தேடுகிறேன். கவையின்மேல் கோபித்து என்ன பயன்? அறுபது ஆண்டுகள் அவர் பக்கத்தில் நின்று ஒருமுறையும் அந்நூலைத் தொடாத கைக்கு, பன்னிரண்டு நாளில் அங்கே இடம் வேண்டும் என்று கேட்க என்ன உரிமை? முக்காலி என் அறையில், பெருமாள் படத்துக்கு எதிர்மூலையில், கால் மடங்கிக் கிடக்கிறது. அங்கே அந்தி சாயும் நேரம் இங்கே நண்பகல். அந்நேரத்தில் கடற்கரையில் நடக்கும்போது என் வலக்கை தானாகவே இறுக மூடிக்கொள்கிறது. விரித்துப் பார்க்கிறேன். உள்ளே ஒன்றுமில்லை.