வாசலில் மூன்று பித்தளைக் கற்கள்: ஹாம்பர்க்கில் யூதர்கள் வாழ்ந்த தெருக்கள்

கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்த நான் ஜெர்மனிக்குப் போனது தங்கை கவிதாவுக்காக. அவள் வீட்டுக்காரருக்கு ஹாம்பர்க் துறைமுகத்தில் வேலை. அவளுக்கு ஏழாம் மாதம். 2022 நவம்பரில் எங்கள் மலையூரான வாழவந்தி நாட்டிலிருந்து மிளகும் கேழ்வரகு மாவும் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அவர்கள் குடியிருப்பது பழைய நான்கு மாடிக் கட்டடம். வாசல் நடைபாதையில் உள்ளங்கை அகலத்தில் மூன்று பித்தளைக் கற்கள், ஏதோ எழுத்தோடு.

"ஊடு கட்டினவங்க பேருன்னு நினைச்சேங்க்கா. வெள்ளிக்கிழமையானா தொடச்சுக் கோலம் போடுவேன்" என்றாள். அவளுக்கு ஜெர்மன் இன்னும் அரைகுறைதான்.

மறுநாள், முன்பு யூதர்கள் நிறைந்து வாழ்ந்த கிரின்டெல் பகுதிக்குப் போனோம். மத்திய ரயில் நிலையத்திலிருந்து டாம்டோர் ஒரே நிறுத்தம். அப்புறம் பத்து நிமிட நடை. யூதர்களின் பெரிய தொழுகைக்கூடம் இருந்த இடம் வெறும் சதுக்கமாகக் கிடந்தது. நாஜிகள் காலத்தில் அழித்துவிட்டார்கள். அதன் விதானத்தின் கோடுகளைத் தரையில் கற்களால் பதித்திருந்தார்கள். தலைக்கு மேல் இருந்திருக்க வேண்டியதன்மேல் நடந்தோம். (மறுபடி கட்டப்போவதாகப் பேச்சு, விசாரித்துவிட்டுப் போங்கள்.)

பக்கத்திலேயே யூதப் பள்ளி. உள்ளே பிள்ளைகள் சத்தம், வெளியே போலீஸ் காவல். பிள்ளையை அழைத்துப்போகக் காத்திருந்த ஓர் அம்மா எங்களிடம் ஆங்கிலத்தில் பேசினார். கவிதா செல்போனில் அந்தக் கற்களின் படத்தைக் காட்டினாள். அவர் மெதுவாக வாசித்தார்.

"உங்கள் கட்டடத்தில் குடியிருந்த யூதர்கள். நாஜிகள் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றிருக்கிறார்கள். மூன்றாவது கல் குழந்தை. இரண்டு வயது."

நாலரைக்கே இருட்டிவிட்டது. வீட்டுப் படியேறும்போது, தானாக அணையும் மாடிப்படி விளக்கு பாதியில் அணைந்தது. கவிதா என் கையைப் பிடித்தாள்.

"எந்த மாடின்னு தெரியலையேங்க்கா. நம்ம ஊடாவே இருந்தா?"

"பயப்படாத கண்ணு" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன.

வேறு வீடு வேண்டும் என்று அழுதாள். அந்த ஊரில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. மாப்பிள்ளை எப்படியோ ஒன்றைப் பிடித்தார். பார்க்கப் போனபோது அவள் முதலில் பார்த்தது தரையைத்தான். கல் எதுவும் இல்லை. முகம் தெளிந்தது. அந்த வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த பெண்ணிடம், வாசலில் கல் இல்லாதது நிம்மதி என்று சொன்னாள்.

"இங்கே யாரையும் கொண்டுபோகவில்லை என்று அர்த்தமில்லை. இன்னும் யாரும் தேடிப் பார்த்துக் கல் பதிக்கவில்லை, அவ்வளவுதான்" என்றார் அவர்.

கவிதா மாடி ஏறவில்லை. திரும்பும் பஸ்ஸில் சொன்னாள்: "நம்ம ஊட்டுலயாச்சும் பேரு தெரியுதுங்க்கா."

அங்கேயே இருந்துவிட்டார்கள். ஜனவரியில் மகள் பிறந்தாள்.

போகிறவர்கள் அரை நாள் ஒதுக்குங்கள், போலீஸ் காவல் உள்ள இடம் என்பதால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், குனிந்து பெயர்களை வாசியுங்கள். எனக்கு அதற்கப்புறம் கல் இல்லாத வாசல்களைக் கடக்கும்போதுதான் நடை வேகமானது.