வயிற்றுத் தோல் பந்து

எங்கள் பக்கத்துக் கால்பந்துப் போட்டியில் அந்த நாளில் ஒரு வழக்கம் இருந்தது. இறுதி ஆட்டம் எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர்க்காரர்கள்தான் பந்து தர வேண்டும். வாலாஜாபேட்டையிலோ ஜோலார்பேட்டையிலோ நடந்தால் கடையில் வாங்கிய பந்து வரும். ஆம்பூரில் நடந்தால் மட்டும் நாங்களே தைத்த பந்து. தோல் ஊரில் இருந்துகொண்டு பந்தை விலைக்கு வாங்குவதாவது! எங்களுக்கு அவ்வளவு திமிர்.

நான் தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிறவன், எங்கள் அணிக்குக் கோல்காரன். முந்தைய வருஷ இறுதி ஆட்டத்தில் ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர்கள் உதைத்த பந்து என் காலிடுக்கில் புகுந்து, கோப்பை அவர்களோடு ரயிலேறிவிட்டது. அப்புறம் ஒரு வருஷம் முழுக்க, என்னைப் பார்த்தவனெல்லாம் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று காட்டினான். எங்கள் கேப்டனான கம்பெனி மேஸ்திரி என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"இந்த வாட்டியும் நீ கோல் உட்டேன்னா, அடுத்த வருஷம் கயித்துக்கு அந்தாண்ட நின்னு கைதட்டு."

எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனியை விட்டால் எனக்கிருந்த ஒரே சந்தோஷம் அந்த இரண்டு கம்பத்துக்கு நடுவில் நிற்பதுதான்.

அந்த வருஷ இறுதி ஆட்டம் எங்கள் ஊரில், மறுபடியும் அதே ரயில்வேக்காரர்களோடு. பந்துக்குத் தோல் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. மாட்டின் முதுகுத் தோல்தான் எடுக்க வேண்டும், அது இழுத்தாலும் நீளாது; வயிற்றுத் தோல் நீண்டுவிடும். இது தெரியாதவனா நான்? ஆனாலும் பளபளவென்று, வெண்ணெய் மாதிரி ஒரு வயிற்றுத் தோல் துண்டு கையில் அகப்பட்டது. பந்து அழகாக இருக்கட்டுமே என்று அதையும் ஒரு பக்கத்துக்குச் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். பஜாரில் செருப்புத் தைக்கிறவர் தைத்துக் கொண்டுவந்தார். காற்றடித்ததும் மேஸ்திரி அதை முத்தமிடாத குறைதான்.

ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் வயிற்றுத் தோல் தன் புத்தியைக் காட்டியது. உதை வாங்க வாங்க அந்தத் துண்டு நீண்டு, பந்து ஒரு பக்கம் புடைத்துக்கொண்டது. நேராக உதைத்தால் புடைப்பு இருக்கும் பக்கமாகத் திரும்பியது. இரண்டு அணியும் பந்தை விட்டுவிட்டு வெறும் காற்றை உதைத்தன. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"இன்னாடா பந்து இது, கள்ளு குடிச்சவன் மாதிரி போவுது!" என்று யாரோ கத்தினார்கள். மேஸ்திரி என்னை முறைத்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

எங்கள் ஆள் ஒருவன் மூலைக் கொடியைப் பார்த்து உதைத்த பந்து வளைந்து போய்க் கோலுக்குள் விழுந்தது. அவனுக்கே நம்ப முடியவில்லை. அந்த ஒரு கோலோடு கடைசி நிமிஷம் வரை தாக்குப்பிடித்தோம். அப்போது எங்கள் ஆள் ஒருவன் பந்தைக் கையால் தடுத்துத் தொலைத்தான். ரயில்வேக்காரர்களுக்குப் பெனால்ட்டி.

உதைக்க வந்தவர் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவர். தொடை ஒவ்வொன்றும் தேக்குக் கட்டை. பந்தை வைத்துவிட்டு என் இடது மூலையைக் குறிபார்த்தார். நான் பந்தைப் பார்த்தேன். புடைப்பு என் வலது பக்கம் இருந்தது. வலது பக்கமே பாய்ந்தேன். இடது மூலைக்குக் கிளம்பிய பந்து பாதி வழியில் திரும்பி, தானாக வந்து என் நெஞ்சில் விழுந்தது. இறுக்கிக் கட்டிக்கொண்டேன். ஆட்டம் முடிந்ததென்று விசில் ஒலித்தது.

எங்கள் ஆட்கள் என்னைத் தோளில் தூக்கி ஆடிவிட்டு இறக்கியபோது அந்தக் கரிக்காரர் வந்தார். பந்தை வாங்கிக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இந்தாண்ட வரும்னு உனக்கு எப்டிப்பா தெரியும்?"

எனக்குப் பொய் வரவில்லை. "வயித்துத் தோலுண்ணே. நான்தான் எடுத்துக் குடுத்தேன். தப்பு என்னோடதுதான்."

சண்டைக்கு வருவாரென்று பயந்தேன். அவரோ சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்த வருஷம் எங்க ஊரு, எங்க பந்து. அப்போ இன்னா பண்ணுவே?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை என் தோளில் விழுந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி.

"இன்னா பண்ணுவான்? அங்கயும் இவன்தான் நிப்பான்."