வெறும் மூன்று

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். பொறுத்துப் படியுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் பெட்டாலிங் ஜெயாவில், தகடு அழுத்தும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். தகடு நழுவாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு பெடலை மிதிக்க வேண்டும். மெஷின் மூன்று நொடி காத்திருக்கும். அதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். பழைய மெஷினில் அந்த நேரத்தை வைக்கும் திருகுக்குப் பக்கத்திலேயே ‘செகண்ட்’ என்று அச்சிட்டிருந்தது. புதிதாக வந்ததில் ஒரு சின்னத் திரை. அதில் ‘டிலே’ என்று ஒரு பெயர், பக்கத்தில் 3000. எதன் கணக்கு என்று எங்கும் இல்லை.

கிள்ளானிலிருந்து பஸ்ஸில் வரும் நண்பன் ஒருவன் இருந்தான். எனக்கும் சேர்த்து அவன்தான் பேசுவான். மெஷினைப் பொருத்த வந்த ஆளிடம் அவன் கேட்டான். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்த கணக்கு என்றார். ‘3000 என்றால் மூன்று நொடி’ என்று நான் தமிழில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினேன்.

சரக்கு வாங்குகிறவர்கள் பார்வையிட வந்த அன்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் அதைக் கிழித்தெறிந்தார்.

“மெஷின் மேல தமிழ்ப் பாடம் நடத்துறியா? வாத்தியார் வேலைக்குப் போ லா,” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதே வாரம் கரண்டு போய் வந்தது. மெஷினில் வைத்திருந்த எண்கள் அழிந்துவிட்டன. மண்டோர் பழைய மெஷின் பழக்கத்தில் வெறும் 3 என்று அடித்தார். நண்பன் தகட்டைப் பிடித்துக்கொண்டு பெடலை மிதித்தான். கையை எடுக்க நேரமே இல்லை. ரத்தம் என் முகத்தில் அடித்தது. நான்கு விரல்கள் தகட்டோடு தகடாக ஒட்டியிருந்தன.

மறுநாள் மண்டோர் எங்களை அதே மெஷின் பக்கத்தில் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அவன் பராக்குப் பார்த்துக் கையை உள்ளே விட்டுவிட்டான் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார். கழுவித் துடைத்த மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் இன்னும் 3.

அவர் சட்டையைப் பிடித்து முகத்தை இரும்பில் மோதினேன். பல் உடைந்தது. அவர் வலது கையை அச்சுக்கு அடியில் அழுத்திப் பிடித்து, பெடல் மேல் காலை வைத்தேன்.

“மூணுன்னா மூணு என்னா? சொல்லுங்க அண்ணே.”

அவர் பேசவில்லை. கையை இழுத்துப் பார்த்தார். நான் விடவில்லை.

“செகண்டுன்னு நெனச்சேன்டா. நான்தான் போட்டேன். விட்றா,” என்று அழுதார்.

எல்லோர் காதிலும் விழுந்தது. அந்தத் தாளில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. மத்தியானமே என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

கட்டோடு என் பிரிக்பீல்ட்ஸ் அறைக்கு வந்த நண்பன், “ஒனக்கு மெரட்டக்கூடத் தெரியுமாடா?” என்று சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். வாய் திறக்காதவன் சும்மா மிரட்டித்தான் இருப்பான் என்றே இன்றுவரை எல்லோரும் நம்புகிறார்கள்.

நான் மிரட்டவில்லை. அவர் இன்னும் ஒரு மூச்சு பேசாமல் இருந்திருந்தால் மிதித்திருப்பேன்.

ஞாயிறு, 3 ஆகஸ்டு 1997