முழுக்கைக் கோலி

கல், ஊரிச் சிப்பி, மட்டி ஓடு, சோடா மூடி, உடைந்த போத்தல் துண்டு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் தொப்பிக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார் சுதாகரன். தன்னாமுனை வாவிக்கரை மைதானத்தில் மற்ற இருபத்தொரு பேரும் இடுப்பில் கைவைத்தபடி காத்து நிற்கிறோம். நடுவர் இரண்டு தரம் விசில் ஊதிவிட்டார். "இந்தா முடியிது, அஞ்சு நிமிசம்" என்கிறார் தலையை நிமிர்த்தாமலே. மூன்று வருடமாக இந்த ஐந்து நிமிடத்தைப் பார்த்து வருகிறேன். அது ஒருநாளும் கால் மணிக்குக் குறைந்ததில்லை.

உதைபந்தாட்டத்தில் கோல் காப்பவரை எங்கள் ஊர்ப்பக்கம் கோலி என்போம். முப்பத்தொரு வயதுக் கோலியான இவருக்குப் பகலில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் வேலை. யார் எதைக் கொடுத்தாலும் நெஞ்சோடு அணைத்துத்தான் வாங்குவார். "தேத்தண்ணிக் கோப்பையக் குடுத்தாலும் அப்பிடித்தான். சேட்டெல்லாம் கறை" என்பார் மனைவி அன்னப்பூரணி. பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கும் நான் மாலையில் பந்தும் அடிப்பேன். இவருக்கு ஒரு பெனால்டிகூட என்னால் போட முடிந்ததில்லை. பந்து வரும் இடத்தில் முன்கூட்டியே போய் நின்றுவிடுவார். காரணம் கேட்டபோது வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: "குறை நினைக்காதீங்க சேர். எந்தப் பக்கம் அடிக்கப் போறீங்களோ, அந்தப் பக்கக் கன்னத்துக்க நாக்கத் தள்ளுவீங்க." அதன் பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அடித்துப் பார்த்தேன். அதையும் பிடித்தார்.

ஆனால் மூலைக்குத் தாழ்வாகப் போகும் பந்துக்கு இவர் பாய மாட்டார். காலை நீட்டிப் பார்ப்பார். பந்து உள்ளே போய்விடும். கரையில் நிற்பவர்கள் "பாயுங்க அண்ணே" என்று கத்துவார்கள், இவர் சிரிப்பார். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். கடையில் வாங்கும் சட்டைக்கெல்லாம் நீளக் கை ஒட்டி, முழங்கை இருக்கும் இடத்தில் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுப்பவர் அன்னப்பூரணி. நான் இந்த அணிக்கு வந்த புதிதில் இதையெல்லாம் பார்த்து, ஆள் சரியான பயந்தாங்கொள்ளி என்று நானே பேசியிருக்கிறேன். அதற்காக இன்றுவரை எனக்கு வெட்கம்.

இவர் சம்பளத்துக்குப் பந்து பிடித்தவர். சொந்த ஊர் பனிச்சங்கேணி. போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த காலத்தில் கொழும்புக் கழகம் ஒன்று இவரை எடுத்தது. பயிற்சியாளர் அழகரத்தினத்துக்கு இவர்தான் முதல் கோலி. பத்திரிகையில் வந்த படங்களையும் கழக அடையாள அட்டையையும் ஊரில் ஒரு பிஸ்கட் தகரத்தில் தாய் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். 2004 டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு இவர் வீட்டில் நின்றபோதுதான் கடல் வந்தது. தாயையும் வீட்டையும் கொண்டுபோனது. அதன் பிறகுதான் தன்னாமுனைக்குக் குடிவந்தார். தாயைப் பற்றி யாராவது கேட்டால் அந்தத் தகரத்தைப் பற்றித்தான் பேசுவார். "நீலத் தகரம் சேர். மூடி இறுக்கம், தண்ணி போயிராது" என்பார். எனக்கு அதற்கு மேல் கேட்க மனம் வருவதில்லை.

பிறகு 2006. சண்டை மறுபடி மூண்டிருந்தது. இறுதிப் போட்டிக்காகத் தன்னாமுனையிலிருந்து கொழும்பு பஸ்ஸில் போனவரை வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கி, சட்டைக் கையை மடக்கச் சொன்னார்கள். முழங்கை தழும்பேறியிருந்தால் புலிகள் இயக்கத்தில் தவழ்ந்து பயிற்சி எடுத்தவன் என்று சந்தேகப்பட்ட காலம் அது. கட்டாந்தரையில் விழுந்து விழுந்து பந்து பிடித்த கை வேறு எப்படி இருக்கும்? என்ன வேலை என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டார். இவரும் தெரிந்த சிங்களத்தில் "மம கோலி" என்றார், நான் கோலி என்று. சிப்பாயின் காதில் அது 'கோலயா' என்று விழுந்தது. சிங்களத்தில் அதற்குச் சீடன், அடியாள் என்று பொருள். யாருடைய கோலயா என்று கேட்டார் சிப்பாய். எந்த அணிக்குக் கோலி என்று கேட்கிறாராக்கும் என நினைத்த சுதாகரன், நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "அழகரத்தினம்."

அந்த அழகரத்தினம் என்ற தலைவர் யார் என்று இரண்டு நாள் விசாரித்தார்கள். கடைசியில் அவரே அணிப் படத்தோடு வந்து நின்று இவரை மீட்டார். இறுதிப் போட்டியில் வேறு ஒருவர் கோல் காத்து முடித்திருந்தார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது சுதாகரன் விழுந்து விழுந்து சிரிப்பார். அடுத்த பகுதிக்கு வரும்போது குரல் இறங்கிவிடும். விடுவிக்கும்போது அங்கிருந்த அதிகாரி சொன்னாராம், இது பழைய தழும்பு என்பதால் தப்பினாய் என்று. "பழசுக்கு அழகரத்தினம் சேர் தந்த கடிதம் இரிக்கு. மறுகா புதுக் காயத்தோட போனா என்னத்தச் சொல்ற?" மாதம் இரண்டு முறை அதே பாதையால் போய்வர வேண்டியவர் அன்றிலிருந்து தரையில் விழுவதை நிறுத்தினார். கல் பொறுக்கத் தொடங்கியதும் அப்போதுதான். நான்கு மாதம் பார்த்தார் அழகரத்தினம். "பாயாத கோலிய வச்சு நான் என்ன செய்ய, தம்பி?" என்று ஊருக்கு அனுப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம்தான்.

இப்படி இவர் கல் பொறுக்கிக்கொண்டிருந்த நாளில்தான், 2009இல் யுத்தம் முடிந்து ஐந்தாம் மாதம், அதே அழகரத்தினம் தன் அணியோடு மட்டக்களப்புக்கு வந்தார். நகர மைதானத்தில் எங்கள் அணியோடு ஒரு சிநேகபூர்வ ஆட்டம். ஒரு கோலி தேவை என்றும், சுதாகரன் பாய்ந்தால் ஒரு பருவத்துக்கு எடுப்பதாகவும் சொல்லியனுப்பியிருந்தார். முப்பத்தொரு வயதில் இன்னொரு முறை யார் கேட்கப் போகிறார்கள்?

முதற்பாதியில் பந்து மூலையால் உள்ளே போனது. இவர் காலைத்தான் நீட்டினார். அழகரத்தினம் மைதானத்தைப் பார்ப்பதை விட்டுக் கைத்தொலைபேசியை எடுத்தார். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியபோது அந்தக் கோலடி முழுக்கக் கல். சுதாகரன் குனிந்து ஒன்றை எடுத்தார். அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டார்.

பத்து நிமிடத்தில் அதே போல ஒரு பந்து, அதே மூலைக்கு. இவர் பாய்ந்தார். விரல் நுனியில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது. எழும்பியபோது சட்டைக் கை கிழிந்து, பஞ்சு சிவப்பாக வெளியே தொங்கியது. கரையில் நின்ற அன்னப்பூரணி கண்ணை மூடிக்கொண்டார். பிறகும் மூன்று முறை சுதாகரன் விழுந்தார், எல்லாம் அதே கையில்.

"ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு வாடா" என்றார் அழகரத்தினம்.

ஞாயிறு காலை வழியனுப்ப நானும் போனேன். காயம் காயவில்லை. எங்கள் பஸ் தரிப்பிடத்திலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் ஒரு சோதனைச் சாவடி. யுத்தம் முடிந்தும் அது போகவில்லை. அன்னப்பூரணி அவருடைய சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுப் பொத்தானைப் பூட்டினார். "கேட்டா மட்டும் காட்டுங்க. கோலி எண்டு சொல்லிராதீங்க."

"ஓம் புள்ள."

பஸ் ஏறி யன்னலோரம் இருந்தார். சாவடியில் பஸ் நின்றது. சுதாகரன் பொத்தானைக் கழற்றிக் கையை மூன்று மடிப்பு மடித்து, தோல் உரிந்து சிவந்த அந்த முழங்கையை யன்னலில் வெளியே வைத்தார். சிப்பாய் பஸ்ஸின் ஓரமாக அந்த யன்னலை நோக்கி நடந்து வந்தார். கை உள்ளே போகவில்லை.