நெடுங்கேணியில் ஒரு கணித வகுப்பு

ஜெர்மனியில் மதிய வேளையில் நடைகூடத்தில் எதிர்ப்படுகிறவர்கள் "மால்ட்சைட்" என்பார்கள். சாப்பாட்டு வேளை என்று பொருள். வந்த புதிதில், சாப்பிட்டாயா என்று கேட்கிறார்களாக்கும் என எண்ணி, "இன்னும் இல்லை, காலையிலும் பாண் மட்டும்தான்" என்று ஒரு பேராசிரியரிடம் நின்று விளக்கம் சொன்னேன். அவர் திகைத்துப்போய்த் தன் சாப்பாட்டுப் பெட்டியை என்னிடம் நீட்டினார். அது வெறும் வணக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முடிவுள்ள கூட்டங்களைப் பற்றி ஆராய்கிறேன். ஊரில் இதைச் சொன்னால் "எந்தக் கூட்டம் பிள்ளை?" என்று அம்மா பயந்துபோய்க் கேட்பா. ஒரு சதுர அட்டையைச் சில விதமாகத் திருப்பினாலும் புரட்டினாலும் அது பழைய இடத்திலேயே அச்சாகப் பொருந்தும். அந்த அசைவுகள் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு கூட்டம். அட்டையைக் காணாமல், சில அசைவுகளை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கூட்டத்தையும் கண்டறிய முடியுமா? இதே மாதிரியான கேள்விகளோடுதான் என் இளமை கழிந்தது.

போன வருடம் வசந்தி தொலைபேசியில் அழைத்தாள். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இப்போது ஊரில், நெடுங்கேணிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் புவியியல் படிப்பிக்கிறாள்.

"உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிக்க ஆள் இல்லையடி. மூண்டு பெட்டையள் இருக்குதுகள். ஆரும் வராட்டி வகுப்பை மூடப் போகினம். உனக்கு லீவுதானே, ஒருக்கா வாவன்."

கோடை விடுமுறைக்குப் போனேன். வகுப்பறையில் மூன்று பிள்ளைகளும் முன்வரிசைக் கதிரைகளில் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். முதல் நாள் அட்டை ஒன்றைச் சதுரமாக வெட்டிக் கொடுத்தேன். நிரோஜா என்ற பிள்ளை அதை வெகுநேரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், முதல் திருப்பிப் பிறகு புரட்டினா ஒண்டு வருது. முதல் புரட்டினா வேற வருது. ஏன்?" என்றாள். நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் அந்தக் கேள்வியைச் சந்தித்தேன்.

அன்று நான் பூரித்தது உண்மை. ஆனால் பின்னேரங்களில் என் மனம் அங்கே இருக்கவில்லை என்பதும் உண்மைதான். பாதியில் விட்டு வந்த தேற்றம் ஒன்றின் நிறுவல் அரித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் கணக்குச் செய்யும்போது நான் கரும்பலகையின் மூலையில் என்னுடையதை எழுதி எழுதி அழித்தேன். என் வேலை நிரந்தரமாகுமா என்பதை முடிவு செய்யும் நேர்முகம் வேறு காத்திருந்தது. ஜெர்மனிக்குத் திரும்பிப் போகப்போகிறேன் என்பதைக் கடைசி வாரம் வரைக்கும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

சொன்னபோது நிரோஜாதான் வாய் திறந்தாள். "சோதினை முடியுமட்டும் நில்லுங்கோவன் ரீச்சர்."

"என்ர வேலை போயிடும், பிள்ளை."

"ஓம்," என்றாள். அந்த ஒரு சொல்லில் கோபம் இல்லாததுதான் என்னைச் சுட்டது.

வசந்தி புளியங்குளம் வரைக்கும் வந்து பஸ் ஏற்றிவிட்டாள். "நீ எண்டாலும் உருப்படு," என்றாள். ஏசினாளா, வாழ்த்தினாளா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. விமானம் எழும்பியதும் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வேலை நிரந்தரமாகியது. நிறுவலும் முடிந்தது. ஊரில் வகுப்பை மூடிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள் கலைப்பிரிவுக்கு மாறிவிட்டார்கள். பக்கத்து அறை நண்பரிடம் இதைச் சொன்னேன். "ஷாடே," என்றார். கவலைக்குரியது என்று அர்த்தம். அடுத்த மூச்சில் என் கட்டுரையின் மூன்றாம் பகுதியைப் பற்றிக் கேட்டார். நானும் ஆர்வமாகப் பதில் சொன்னேன்.

நிரோஜா மட்டும் மாறவில்லை. சனிக்கிழமைகளில் அவளுக்கு வீடியோ அழைப்பில் படிப்பிக்கிறேன். வீட்டுக்குள் சிக்னல் வராது. அதனால் வயல் வரம்பில் வந்து குந்துகிறாள். போன கிழமை அவள் போனைத் திருப்பிப் பிடித்தபோது திரை முழுவதும் பச்சை வயல் நிறைந்தது. அதன் மூலையில், கம்பளிச் சட்டையோடு, நகத்தளவுச் சதுரத்தில் என் முகம் தெரிந்தது.

"ரீச்சர், மூலையில தெரியிறது எங்கட வீடு. உங்கட முகம் அதை மறைக்குதோ?" என்று சிரித்தாள்.

விரலால் என் முகச் சதுரத்தை ஒதுக்கினேன். அது வயலை விட்டுப் போகவில்லை. இன்னொரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது.