பெரோகியின் மூக்கு

லோர்ன் ஹ்ரிசாக் உழைத்த காலமெல்லாம் கனடாவின் சாஸ்கட்டூன் நகர வீடுகளின் நிலவறைகளில்தான் கழிந்தது. பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுபோய் வீடு உறையத் தொடங்கினால் அவரைக் கூப்பிடுவார்கள். படியிறங்கிப் போவார், சரிசெய்வார், அழுக்குக் கையோடு ஏறி வருவார். கதவைச் சாத்தியதும் அவர் முகம் யாருக்கும் நினைவிருக்காது. மனைவி மேரியன் பிரிந்து கால்கரிக்குப் போனபோதுகூடச் சண்டை எதுவும் நடக்கவில்லை. "நீ வீட்ல இருக்கியா இல்லையான்னே பல நாள் எனக்குத் தெரியல, லோர்ன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் காப்பகத்திலிருந்து ஒரு நாயைக் கொண்டுவந்தார். குட்டைக் கால், தரையைத் துடைக்கும் காது, உருண்ட வயிறு. அவருடைய அம்மா அவிக்கும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை நினைவுக்கு வர, அதன் பெயரையே வைத்தார்: பெரோகி. உலகத்தில் அதற்குப் பிடித்த காரியம் உட்காருவது.

ஆற்றோரப் பூங்காவில் சனிக்கிழமை காலைகளில் நாய்களோடு ஜியோகேச்சிங் போகிற கூட்டம் ஒன்று உண்டு. யாரோ எங்கோ ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவைத்து, இடக்குறிப்பை இணையத்தில் போட்டிருப்பார்கள். போன் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்; அதற்கு மேல் கண்ணும் கையும்தான். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். நாய்கள் நடைக்காகத்தான் வந்தன. லோர்னும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்.

முதல் நாள் எல்லோரும் வில்லோப் புதருக்குள் துழாவிக்கொண்டிருந்தபோது, பெரோகி கால் வலித்து ஒரு பாப்லர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டது. கிளப்பலாமென்று குனிந்தால், வேருக்கடியில் பெட்டி. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற கோர்டுக்கு வெண்கலத் தொண்டை. "யோவ் லோர்ன், உன் நாய் மோப்பம் புடிச்சிருச்சுய்யா" என்று கூவி எல்லோரையும் கூட்டிவிட்டார். ஆளாளுக்குப் பெரோகியைத் தடவிக் கொடுத்தார்கள். எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டார்கள். கால் வலியில் உட்கார்ந்தது என்று சொல்ல லோர்ன் வாயெடுத்தார். அதற்குள் ஒருவர் கையில் காபியைத் திணித்துவிட்டார். அந்தச் சூட்டில் சொல்ல வந்தது உள்ளேயே போய்விட்டது.

அடுத்த வாரம் பெரோகி ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. "போன வாரம் குருட்டு அதிர்ஷ்டமா?" என்றார் கோர்ட். விளையாட்டுப் பேச்சுதான், ஆனால் லோர்னுக்குச் சுருக்கென்றது. அதற்கடுத்த சனிக்கிழமை விடியும்போதே பூங்காவுக்குப் போனார். பெட்டி இருக்கும் இடத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்தார். பன்றி இறைச்சி வறுத்த உப்புக் கொழுப்பை ஒரு ஜாம் பாட்டிலில் கொண்டுபோயிருந்தார். விரலால் வழித்துப் பெட்டிக்கு அடியில் தடவினார்.

பெட்டிப் பக்கம் தீனி வைக்கக் கூடாது, காட்டு விலங்கு வந்துவிடும் என்பது இந்த விளையாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். பெட்டிக்குள் சாக்லேட் வைத்த ஒரு புதுப் பெண்ணுக்கு அதை எடுத்துச் சொன்னதே லோர்ன்தான். ஆனாலும் தடவினார். வாராவாரம் தடவினார். பெரோகியின் புகழ் ஆற்றின் இரு கரையிலும் பரவியது.

கூட்டத்தில் டார்லீன் ஃபேர் என்றொரு அம்மாள். அவருடைய கறுப்பு லாப்ரடார் ஓட்டோவுக்கு வயதாகிக் கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் எல்லா நாய்க்கும் முன்னால் ஓடியது, இப்போது எஜமானியின் காலை உரசிக்கொண்டே நடக்கும். ஒருநாள் டார்லீன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பெரோகிக்குப் பழக்கின மாதிரி ஓட்டோவுக்கும் கொஞ்சம் பழக்குவீங்களா, லோர்ன்? கண்ணுதான் போச்சு. மூக்கு நல்லாத்தானே இருக்கு."

முடியாது என்று சொல்ல ஆயிரம் வழி இருந்தது. லோர்ன் சரியென்றார். அந்த வாரம் பாலத்துக்கு அடியில் இருந்த பெட்டிக்குக் கொழுப்பைக் கொஞ்சம் தாராளமாகவே தடவினார். ஓட்டோ இழுத்துக்கொண்டு போய்க் கல்லிடுக்கில் மூக்கை நுழைத்து வாலை ஆட்டியது. டார்லீன் சேற்றிலேயே மண்டியிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். திரும்பும்போது வின்னிபெகில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு, "அவன் இன்னும் ஒண்ணும் முடிஞ்சுபோயிடலைடா" என்றார். லோர்ன் ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, விழுந்து கிடந்த பொந்து மரத்துக்குள் பெட்டி. லோர்ன் வழக்கம்போல் முன்னாலேயே போய்த் தடவிவிட்டு வந்திருந்தார். உப்பு வாசனைக்கு ஒரு முள்ளம்பன்றி வந்து பொந்துக்குள் புகுந்திருந்தது. பெரோகி எட்டத்திலேயே நின்று உறுமியது. ஓட்டோவுக்குக் கண்ணும் தெரியவில்லை, சந்தேகமும் இல்லை. நேராகத் தலையை விட்டது. அது கத்திய கத்தல் அக்கரையில் நடந்தவர்களையும் நிறுத்திவிட்டது. மூக்கு, உதடு, நாக்கு எல்லாம் முள்.

டார்லீனின் காரை லோர்ன்தான் கால்நடை மருத்துவரிடம் ஓட்டினார். டார்லீன் பின்னால் ஓட்டோவின் தலையை மடியில் வைத்திருந்தார். நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து முள் பிடுங்க உள்ளே கொண்டுபோனபின் இருவரும் மருத்துவரின் வாசல் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"எல்லாம் என் தப்பு. கயித்தை விட்டுருக்கக் கூடாது" என்றார் டார்லீன். "பெரோகிக்குத் தெரிஞ்சுது பாருங்க. கிட்டவே போகலை. நீங்க பழக்கின விதம் அப்படி."

லோர்னின் விரல்களில் கொழுப்பு வாசனை இன்னும் போகவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். மருத்துவர் வந்து, முள்ளெல்லாம் எடுத்தாயிற்று, நாக்குப் புண் ஆறிவிடும் என்று சொல்லிப் போனார். மயக்கம் தெளியாத ஓட்டோவைக் காரில் ஏற்றிய பிறகுதான் லோர்னுக்கு வாய் வந்தது.

"டார்லீன், அந்த மரத்துல கொழுப்பு தடவினது நான்தான்."

டார்லீனுக்கு முதலில் புரியவில்லை. லோர்ன் ஆரம்பத்திலிருந்து சொன்னார். திட்டுவார், இறங்கிப் போகச் சொல்வார் என்று காத்திருந்தார். டார்லீன் ஓட்டோவின் தலையைத் தடவினார்.

"அப்ப ஓட்டோ தானா ஒண்ணுகூடக் கண்டுபுடிக்கலையா?"

"இல்ல."

"பாலத்துக்குக் கீழ இருந்தது?"

"அதுவும் நான் தடவினதுதான்."

"பையன்கிட்ட சொல்லிட்டேனே" என்றார் டார்லீன், தனக்குத்தானே சொல்வதுபோல. ஒரு அறை விட்டிருந்தால்கூட லோர்னுக்கு அத்தனை வலித்திருக்காது.

டார்லீன் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. கூட்டத்தார் போனில் கூப்பிட்டு ஓட்டோவை விசாரித்தார்கள், பெரோகியைப் பாராட்டினார்கள். லோர்ன் தும்மினார், இருமினார், வர முடியவில்லை என்றார். கடைசியில் சர்ச் கூடத்தில் நடந்த அறுவடை விருந்தில், வான்கோழித் தட்டு ஆறிக்கொண்டிருக்க, எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

 கோர்ட் மேசையைத் தட்டி, "கொழுப்புய்யா உனக்கு" என்றார். மேசையே குலுங்கிச் சிரித்தது. யாரோ முதுகில் தட்டினார்கள். இன்னும் கொஞ்சம் கிரேவி ஊற்றினார்கள். கதை அங்கேயே வேடிக்கையாகிவிட்டது. வசவுக்குத் தயாராகி வந்தவருக்கு அந்தச் சிரிப்பை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சமையலறை வாசலில் எச்சில் தட்டுகளோடு நின்ற டார்லீன் சிரிக்கவில்லை. தட்டுகளைத் தொட்டியில் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

பனி விழுந்த பிறகும் சனிக்கிழமை நடை நிற்கவில்லை. லோர்ன் போகிறார், கடைசி ஆளாக நடக்கிறார். பெரோகி கண்ட இடத்தில் உட்காருகிறது, யாரும் அதற்கடியில் தேடுவதில்லை. டார்லீனும் வருகிறார். லோர்னைப் பார்த்தால் குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுகிறார், பிளாஸ்கிலிருந்து காபிகூட ஊற்றித் தருகிறார். ஆனால் போன் மணியடித்து, பெட்டி பக்கத்தில் என்றானதும், மற்ற நாய்களெல்லாம் புதருக்குள் பாய, அவர் ஓட்டோவின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஆற்றோரமாக விலகிப் போய்விடுகிறார். அங்கே நின்று ஓட்டோ காற்றில் மூக்கைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும். லோர்ன் அந்தப் பக்கம் திரும்பாமல், குனிந்து, மற்றவர்களோடு பனியைக் கிளறிக்கொண்டிருப்பார்.