பிரேயரில் கேட்காத மன்னிப்பு

எண்பதுகளின் தொடக்கம். தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியின் விடுதியில் தங்கி பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் எங்கள் த்ரோபால் அணி மாவட்டப் போட்டியில் ஜெயித்தது. அதுவரை விளையாட்டில் எங்கள் பள்ளிக்குக் கோப்பையே வந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

நல்ல சாரல். அருவியில் குளித்துவிட்டு, கடைகள் நெருக்கும் பாதையில் நனைந்த தாவணியோடு வந்துகொண்டிருந்தோம். எதிரே வந்த ஒரு ஆள், கூட்டத்தைச் சாக்காக வைத்து எங்கள் கேப்டன் மேல் கை வைத்தான். என் கண்ணால் பார்த்தேன். தெரியாமல் பட்ட கை இல்லை அது. நான் வாய் திறப்பதற்குள் பளார் என்று சத்தம். பந்தெறிந்து பழகிய கை அவளுடையது. அந்த ஆள் தடுமாறிப்போய், பக்கத்திலிருந்த பழவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

எங்களுக்குக் கோப்பை வாங்கியதைவிடச் சந்தோஷம். பஸ்ஸில் பாடிக்கொண்டே திரும்பினோம்.

சாயங்காலம் பள்ளி வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியது அதே ஆள். எங்கள் பஸ்ஸில் பள்ளிப் பேரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். எங்கள் தாளாளருக்கு நெருங்கிய சிநேகிதராம். தலைமையாசிரியை அறைக்குக் கேப்டனைக் கூப்பிட்டார்கள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"ஏட்டி, பெரிய மனுசர் மேல கை நீட்டிட்டு வந்து நிக்கியே, வெக்கமா இல்ல?" என்றார் வார்டன்.

"அவருதான் டீச்சர் மொதல்ல கை நீட்டுனாரு."

"கூட்டத்துல அங்கன இங்கன படத்தான் செய்யும். பொம்பளப் பிள்ளதான் ஒதுங்கிப் போணும்."

நாங்கள் பார்த்ததைச் சொன்னோம். யாரும் காதில் வாங்கவில்லை. காலையில் பிரேயரில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் டி.சி. என்றார் தலைமையாசிரியை. அந்த ஆள் நாற்காலியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். டம்ளரைப் பிடுங்கி அவன் முகத்திலேயே எறியலாமா என்று எனக்குக் கை துடித்தது.

காலையில் அவள் மைக் முன்னால் போய் நின்றாள்.

"நேத்து குத்தாலத்துல ஒரு ஆளு என் நெஞ்சுல கை வச்சான். நான் அறைஞ்சேன். இன்னொரு தடவ வச்சா..."

மைக்கை அணைத்துவிட்டார்கள். மிச்சத்தை அவள் கத்தியே சொன்னாள்: "இன்னொரு தடவ அறைவேன்! மன்னிப்பு அவன்தான் கேக்கணும்!"

மத்தியானம் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து அவள் அப்பா வந்தார். வயலிலிருந்து நேரே வந்தவர்போல வேட்டியெல்லாம் சேறு. அடிக்கப்போகிறார் என்று பயந்தோம். டி.சி.யை வாங்கிக்கொண்டு, அவள் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"ஓங்கி அறைஞ்சியாட்டி?"

"ஆமாப்பா."

"சரி, வா."

அடுத்த போட்டிக்கு ஜெர்சி கொடுக்க வந்தார் விளையாட்டு டீச்சர். ஒருத்திகூடக் கை நீட்டவில்லை. மிரட்டினார்கள், வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள், எங்களில் இரண்டு பேர் அப்பாக்களிடம் அடியும் வாங்கினார்கள். நாங்கள் ஆடவில்லை. ஆனாலும் ஆண்டு விழாவில், முன்பு ஜெயித்த அந்தக் கோப்பையைக் காட்டி, மாவட்டத்தில் முதலிடம் என்று தாளாளர் பெருமையாக வாசித்தார். கேப்டன் பேர் அதில் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர்களில் அந்த ஆளும் ஒருவன்.

அவள் வேறு பள்ளியில் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம், என் மகள் என்றைக்காவது அழுதுகொண்டு வந்து நின்றால், 'நீ ஏன் அங்கே போனாய்?' என்று என் வாயிலிருந்து வராமல் காக்கப்போவது அந்தக் கோபம்தான்.